பெயருக்குக் கீழே சில புள்ளிகள்

குஞ்சு,

இப்படிக் கூப்பிட்டால் உனக்குப் பிடிக்காது. மீசை அரும்பிய காலத்திலேயே, வெளி ஆட்களுக்கு முன்னால் இந்தப் பெயரைச் சொல்லாதேங்கோ அம்மா என்று கேட்டிருந்தாய். நானும் முடிந்தவரை பார்த்துக்கொண்டேன். இப்போது வீட்டில் வெளி ஆட்கள் இல்லை. உள் ஆட்களும் இல்லை. நானும், குசினி யன்னலால் வருகிற ரயில் சத்தமும்தான். அதனால் கூப்பிடுகிறேன், கோபிக்காதே.

வருகிற கிழமை நீ போய் ஒரு வருசம். திவசத்துக்கு ஐயர் நாள் சொல்லிவிட்டார். அதற்கு முதல் பேப்பரில் நினைவஞ்சலி போடவேண்டும். உன் படமும், அதன் கீழே கொஞ்ச எழுத்தும். அந்த எழுத்தை நான்தான் எழுதுவேன் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு முழுத்தாள் எழுதிக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தச் சொன்னேன். உன் அப்பாவின் மூத்த அண்ணன், அப்பா போன பிறகு இந்த வீட்டுக்கு ஆம்பிளைத் துணை என்று வந்து போகிறவர், அவர் கதைக்கும்போது நான் குறுக்கே பேசியது இதுதான் முதல் தடவை. "நீரோ எழுதப் போறீர்?" என்று கேட்டார். கோபமாக இல்லை, ஆச்சரியமாகத்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கந்தோர்களில் வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிப் பிள்ளை வளர்த்தவள், என்னத்தை எழுதுவாள் என்று அவர் நினைத்ததில் பிழை இல்லை. நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் வாய் முந்திவிட்டது.

எழுதிவிட்டேன் குஞ்சு. ஒரேயொரு இடத்தில்தான் நிற்கிறேன். ஒரு பெயர். தாரணியின் பெயர். அதை விடுவதா எடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்காமல் முடிவு செய்ய மனம் வரவில்லை, அதுதான் இந்தக் கடிதம். பேப்பர் கந்தோரில் நீ வேலை செய்த கதிரையில் இப்போது ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். கடிதம் எழுதுகிறேன் என்று சொன்னபோது, அதையும் கொண்டு வாருங்கள், இடம் கிடைத்தால் போடுவோம் என்றாள். "எழுத்துப் பிழை மட்டும் பாக்கிறன் அன்ரி, உங்கட சொல்லில கை வைக்கமாட்டன்" என்றும் சொன்னாள். நல்ல பிள்ளை. ஆனால் கையில் பென்சில் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரிலேயே பார்க்கிறாள்.

நீ பேப்பர் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மாடிவீட்டு ஆட்கள் எல்லோரும் நீ பெரிய செய்திகள் எழுதப்போகிறாய் என்று நினைத்தார்கள். உன்னைக் கொட்டாஞ்சேனைக் கந்தோரில் மரண அறிவித்தல் எடுக்கிற மேசையில் இருத்தினார்கள். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி முழுக்கப் பஸ்ஸில் நின்றபடி போய், பின்னேரம் நின்றபடி வருவாய். நாள் முழுக்கச் செத்தவர்களின் பெயரோடு இருந்துவிட்டு வருகிற பிள்ளை என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வாசலில் வாளியில் தண்ணீர் வைத்து, கால் கழுவிவிட்டு வா என்றேன். "பேப்பரில வாற துடக்குக்கெல்லாம் குளிக்க வெளிக்கிட்டா நான் கடலுக்கதான் இருக்கோணும் அம்மா" என்று சொன்னாய். சொல்லிவிட்டுக் கால் கழுவினாய்.

அந்த ஜிந்துப்பிட்டி மனிதரின் கதையை நீ எனக்குச் சொன்ன நாள் நல்ல ஞாபகம். தகப்பனின் அறிவித்தலைக் கொண்டு வந்தாராம். பூவுலக வாழ்வை நீத்தார், விண்ணுலகம் ஏகினார், உற்றார் உறவினரை ஆறாத்துயரில் ஆழ்த்தினார், கண்ணீர்க் கடலில் மிதக்கவிட்டார் என்று தாளின் இரண்டு பக்கமும் எழுத்து. நீ பொறுமையாக முழுவதையும் வாசித்துவிட்டு, ஐயா எல்லாம் இருக்கிறது, தகனம் எங்கே, எத்தனை மணிக்கு என்பது மட்டும் இல்லை என்றாயாம். அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு உன் மேசைக்கு முன்னாலேயே இருந்து அழுதாராம். தகப்பன் கண்ணை மூடினதிலிருந்து அதுவரைக்கும் அவர் அழவில்லையாம். நீ தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்து, அவரைக் கதைக்க விட்டாய். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர், வேலையிலிருந்து நின்ற பிறகு பின்னேரங்களில் சந்தியில் நின்று போகிற வருகிற எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறவர் என்று அவர் சொன்னார். அதை அப்படியே எழுதி, கீழே இடமும் நேரமும் போட்டு வாசித்துக் காட்டினாய். அந்த மனிதர், "இதுதான் தம்பி அப்பா" என்றாராம். இதை எனக்குச் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் வேறு எப்போதும் பார்க்கவில்லை. இல்லை, ஒன்றிரண்டு தடவை பார்த்தேன். அதற்கு வருகிறேன்.

அன்றைக்குத்தான் என்னிடம் அந்த விரல் வித்தையைக் காட்டினாய். நான் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்து, தாளில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து மூடினாய். "இப்ப வாசியுங்கோ அம்மா. அந்தச் சொல்லு இல்லாததால ஆருக்காவது நோகுதோ? நோகாட்டி அது அங்க தேவையில்லை." இவ்வளவுதான் உன் படிப்பு முழுக்க என்றாய். மற்றதெல்லாம் சோதனைக்குப் பாடமாக்கினது என்றாய்.

பிறகு அது எங்கள் பின்னேர வேலையாகிவிட்டது. அடுத்த நாள் வருகிற அறிவித்தல்களை அச்சடித்த தாளாகப் பையில் கொண்டு வருவாய். நான் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிக்கவேண்டும். எங்கே தடக்குப்படுகிறேனோ அங்கே பென்சில் கோடு போடுவாய். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திக்கித் திக்கி வாசிக்கவேண்டியிருக்கிறதே என்று ஒருநாள் தாளைத் திருப்பித் தந்துவிட்டேன். "படிச்சவை எல்லாத்தையும் தாண்டிப் போயிடுவினம். நீங்கதான் நிண்டு பாப்பியள். எனக்கு அது வேணும்" என்றாய். சும்மா எனக்கு ஆறுதலுக்குச் சொல்கிறாய் என்று தெரியும். ஆனாலும் வாசித்தேன். சில நேரம் கோடு போட்ட சொல்லைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். பிறகு மனம் மாறி, அந்தச் சொல்லுக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதுவாய். வெட்டின சொல்லைத் திரும்பக் கூப்பிடுகிற வழி அது என்றாய். எனக்கு உன் வேலையிலேயே பிடித்தது அந்தப் புள்ளிகள்தான்.

பெரியப்பாவுக்கு உன் வேலை பிடிக்கவில்லை. அவர் எழுதித் தந்த ஓர் அறிவித்தலில் நீ பாதியை எடுத்துவிட்டாய் என்று கோபம். தபால் கந்தோரில் இருந்து தந்தி அடித்து ஓய்வுபெற்ற மனிதர். வீட்டுக்கு வந்து ஏசிவிட்டு அவர் போன பிறகு நீ மெல்லச் சொன்னாய்: "தந்தி அடிச்ச காலத்தில மிச்சம் பிடிச்ச சொல்லெல்லாத்தையும் இப்ப செலவழிக்கிறார், பாவம்." இடியப்பம் புரைக்கேறி இருமினேன். நீ முதுகில் தட்டினாய். அந்தப் பகிடியை இந்த வருசத்தில் எத்தனை தரம் நினைத்தேன் தெரியுமா. போன ஞாயிறு அவர் அந்த முழுத்தாளை விரித்தபோதும் நினைத்தேன். சிரிப்பு வந்தது. பக்கத்தில் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை.

ஆனால் குஞ்சு, உனக்கு ஒரு புத்திமதி சொல்ல நினைத்திருந்தேன். சொல்லவேயில்லை. அறிவித்தலில் வெட்டு, வீட்டில் வெட்டாதே என்று. நீ வேலையால் வந்தால் "வந்திட்டன்." சாப்பாடு எப்படி என்றால் "நல்லம்." மழையில் நனைந்தாயா என்றால் "ஓம்." விடிய எழும்பி இத்தனை கறி வைத்து, கட்டி அனுப்பி, பகல் முழுக்க யாரோடும் கதைக்காமல் இருந்து, பின்னேரம் படிக்கட்டில் உன் சத்தம் கேட்டால் கேத்திலை வைக்கிறவளுக்கு "ஓம்" போதுமா? பஸ்ஸில் யாரைக் கண்டாய், கொண்டக்டர் என்ன சொன்னான், கந்தோரில் யார் யாரோடு கோபம், இதெல்லாம் எனக்கு வேண்டும். அதெல்லாம் தேவையில்லாத கதை என்றுதான் நீ நினைத்தாய். தேவையில்லாத கதை கேட்கத்தானே மனிசர் வீட்டுக்கு வருகிறார்கள்.

தாரணியைப் பற்றி நீ சொன்ன விதம் இருக்கிறதே. காலி வீதியில் உனக்குக் கண்ணாடி செய்த கடையில் வேலை செய்கிற பிள்ளை. புதுக் கண்ணாடி போட்டபிறகும் அந்தக் கடைக்கு நீ ஏன் போய்க்கொண்டிருந்தாய் என்று எனக்கு விளங்கவில்லை. கண்ணாடி சரியில்லையாக்கும், காசைத் திருப்பிக் கேள் என்று நான் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டு, "அம்மா, தாரணி எண்டு ஓராள்" என்றாய். அவ்வளவுதான். நான் அகப்பையோடு நின்றேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "மிச்சம்?" என்று கேட்டேன். "அவ்வளவுதான்" என்றாய். காது இரண்டும் சிவந்திருந்தன. பிறகு நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, ஹெவ்லொக் டவுனில் வீடு, தகப்பன் வங்கியில், ஒரேயொரு தம்பி என்று உன்னிடமிருந்து பிடுங்கி எடுத்தேன். அடுத்த கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாய். அவள் வாய் மூடாமல் கதைத்தாள். கடையில் கண் சோதிக்க வருகிறவர்கள் எழுத்துத் தெரியாமல் எப்படி ஊகித்துச் சொல்வார்கள் என்று நடித்துக் காட்டினாள். நான் சிரித்ததைப் பார்த்து நீ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருந்தாய். ஜிந்துப்பிட்டி மனிதரின் கதையைச் சொன்னபோது இருந்த அதே முகம். போகும்போது அவள் "வாறன் அன்ரி" என்றாள். நிச்சயம் செய்த அன்றைக்குத்தான் முதல் தரம் "மாமி" என்றாள். தை பிறக்கக் கலியாணம் என்று இரண்டு பக்கமும் கதைத்து வைத்தோம்.

நீ பிறவியில் இப்படிக் கதை குறைந்த பிள்ளை இல்லை. இது யாருக்கும் தெரியாது, எனக்கும் உனக்கும்தான் தெரியும். சின்ன வயதில் உன் வாயை மூட ஏலாது. பால் வாங்கப் போய் வந்தால் பால்காரனின் நாய்க்குட்டி வரைக்கும் சொல்வாய். அப்போது சண்டைக் காலம். வீதியெல்லாம் சோதனைச் சாவடி. ஒருநாள் உன்னைப் பல்லுக்கு மருந்து எடுக்கக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நான் தலையைக் குனிந்து நின்றேன். ஆமிக்காரப் பெடியன் ஒருவன், சின்னவன்தான், உன் கன்னம் வீங்கியிருப்பதைப் பார்த்து அன்பாகத்தான் கேட்டான், "கொஹேத மல்லி யன்னே?" எங்கே போகிறாய் என்று. நீ பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில் தொடங்கினாய். பல்லு மருந்துக்கு என்றாய். அதோடு நின்றிருக்கலாம். ஊரிலிருந்து சின்ன மாமா வந்திருக்கிறார் என்றாய். எங்களோடுதான் படுக்கிறார் என்றாய். அவர் எனக்கு விசில் அடிக்கப் பழக்கினவர் என்று சொல்லி அடித்தும் காட்டினாய். ஊரிலிருந்து யார் வந்து தங்கினாலும் பொலிசில் பதியவேண்டிய காலம், மாமா வந்து தங்கினதை நான் இன்னும் பதியவில்லை. அடுத்த நாள் பதிவதாக இருந்தேன்.

எங்களை அங்கேயே மறித்து வைத்தார்கள். பின்னேரம் வீட்டுச் சொந்தக்காரர் பத்திரங்களோடு வந்து கதைத்த பிறகுதான் விட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஒரு மர வாங்கில் இருத்தி வைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்த பிடியை விடவில்லை. மாமா எங்கே என்று கேட்டு அவரையும் கூட்டி வந்து விசாரித்து விட்டார்கள். அவர் இரண்டு நாளில் ஊருக்குத் திரும்பிவிட்டார். அன்றைக்கு நாங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியில் நான் உன்னிடம் சொன்னேன்: "கேட்டதுக்கு மட்டும் சொல்லு. மேல ஒரு சொல்லும் சொல்லாதை." நீ தலையை ஆட்டினாய். அன்றைக்கு ஆட்டினதுதான். அதற்குப் பிறகு பால் வாங்கிக்கொண்டு வந்தால் பாலை வைத்துவிட்டுப் போவாய். சண்டை முடிந்து, சாவடிகளை எடுத்து, அந்த இடங்களில் இப்போது கே.எஃப்.சி.யும் சப்பாத்துக் கடையும் வந்துவிட்டன. உன் வாயில் நான் வைத்த சாவடியை எடுக்க மட்டும் எனக்குத் தெரியவில்லை. நீ பெரியவனாகி அந்தப் பழக்கத்தையே வேலையாகச் செய்து, அதில் கெட்டிக்காரன் என்று பெயரும் எடுத்தாய். ஊரே மெச்சினபோது நானும் மெச்சினேன். உள்ளுக்குள் அந்த விசில் அடித்த பிள்ளையைத் தேடிக்கொண்டும் இருந்தேன்.

அந்தப் பிள்ளை திரும்பி வந்தது ஆஸ்பத்திரியில். டெங்கு என்று சொல்லி வார்ட்டில் விட்டிருந்தார்கள். காய்ச்சல் இறங்கின நாள். இறங்கினால்தான் கவனம் என்று பிறகு சொன்னார்கள், எங்களுக்கு அப்போது அது தெரியாது. பார்க்கிற நேரத்துக்கு நானும் தாரணியும் போனோம். நீ தலையணையில் சாய்ந்து இருந்து கதைத்தாய். பக்கத்துக் கட்டிலில் இருந்த கொம்பனித்தெரு மனிதரைப் பற்றிய கதை. அவருக்கு ஒரு கிளி இருக்கிறதாம். வீட்டை இடித்து மாடி கட்டப்போகிறார்களாம், கிளியையும் புது மாடிவீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று கேட்டு அவர் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாராம். அந்தக் கிளி அவருடைய மனிசியின் குரலில் அவரை ஏசுமாம். ஏசுகிற மாதிரி நீ செய்து காட்டினாய். மருந்து கொண்டு வந்த தாதிக்கும் சிரிப்பு. கிளிக்கூட்டின் நிறம், அது தின்கிற மிளகாய், அவருடைய மகள் எதிர்த்த விதம் என்று ஒன்றையும் விடவில்லை. உன் விரலால் மூடிப் பார்த்தால் முக்கால்வாசிக் கதை தேவையில்லாதது. நான் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டேன். தாரணி உன் காலைப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் இருந்தாள். கடைசியில் கிளிக்கு அனுமதி கிடைத்ததா என்று சொல்ல வருகிறபோது மணி அடித்துவிட்டது. எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். "மிச்சம் நாளைக்கு" என்றாய்.

நாளைக்கு நாங்கள் போனபோது உன் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். கொம்பனித்தெரு மனிதர் எழும்பி இருந்து என்னைப் பார்த்தார். அவரிடம் கிளியைப் பற்றிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செத்தவீட்டில் பெரியப்பாதான் அறிவித்தல் எழுதினார். உன் மேசைக்கே அது போனது. கனடாவில், லண்டனில் இருக்கிற எல்லோருடைய பெயரும் வந்தது. உன்னைக் கண்டால் யார் என்று கேட்கிற ஆட்களுக்குப் பாசமிகு, அன்பு, ஆருயிர் என்று ஒவ்வொரு பட்டம். தாரணி என் பக்கத்தில் பாயில் இருந்தாள். அவள் பெயரைப் போடவில்லையா என்று நான் கேட்டேன். "என்ன முறை எண்டு போடுறது?" என்றார் பெரியப்பா. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மனைவிக்கு ஒரு சொல் இருக்கிறது, மைத்துனிக்கு ஒரு சொல் இருக்கிறது, சித்தப்பாவின் மருமகளுக்குக்கூட ஒரு சொல் இருக்கிறது. தை மாதம் தாலி கட்ட இருந்த பிள்ளைக்கு அறிவித்தலில் ஒரு சொல் இல்லை. அவ்வளவு நீள அறிவித்தலில் வெட்டுப்பட்டது அவள் ஒருத்திதான்.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு நினைவு மலர் அடித்தார்கள். அதில் "தாய் புலம்பல்" என்று நான் அழுவதுபோல ஒரு பாட்டு. பெரியப்பா யாரோ ஒருவரைப் பிடித்து எழுதுவித்தது. சனமெல்லாம் போன பிறகு நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். முத்தே, மரகதமே, என்று கூப்பிட்டிருந்தேன். பத்து மாதம் சுமந்தேன் என்று சொல்லியிருந்தேன். அந்த இடத்தில் தடக்குப்பட்டேன் குஞ்சு. நீ எட்டு மாதத்தில் பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், தொடவும் விடவில்லை, நான் வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டில் அழுகிறவள் வேறு யாரோ. அவளுடைய பிள்ளையும் வேறு யாரோ. என்னுடைய பெயரை மட்டும் எடுத்துப் போட்டிருந்தார்கள். இந்த வருசத்துக்கும் பெரியப்பா அதே பாட்டைத்தான் கொஞ்சம் மாற்றிக்கொண்டு வந்தார். அதுதான் நிறுத்தச் சொன்னேன்.

பிறகு இருந்து எழுதினேன். முதலில் வந்தது எல்லாவற்றையும் எழுதினேன். நெத்தலிப் பொரியல் என்றால் இன்னொரு கோப்பை சோறு போடச் சொல்வாய் என்றதையும், குடைகளைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வருவாய் என்றதையும் எழுதினேன். தாள் நிறைந்தது. அதற்குப் பிறகு உன் மாதிரி விரலை வைத்து மூடினேன். "பாசமிகு" என்று எழுதியிருந்தேன். மூடினேன். ஒருவருக்கும் நோகவில்லை. எடுத்துவிட்டேன். "ஆறாத்துயர்." மூடினேன். என் துயர் பேப்பரில் இல்லையென்றால் குறையப்போகிறதா? எடுத்தேன். நெத்தலியை எடுக்கக் கொஞ்சம் நொந்தது. ஆனால் அது எனக்கு மட்டும் நோகிற நோ, பேப்பர் வாசிக்கிறவர்களுக்கு இல்லை. குடையும் போனது. ஒரு சொல்லை எடுக்கும்போது அதை நான் உன்னிடமிருந்து எடுப்பதுபோல முதலில் இருந்தது. போகப் போக வேறு மாதிரி இருந்தது. மற்றச் சொல்லெல்லாம் விலக விலக நீ கிட்ட வந்தாய். இதைச் சரியாகச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. நீ விளங்கிக்கொள்வாய்.

கடைசியில் தாளில் இருந்தது இதுதான். உன் பெயர். அதற்குக் கீழே, "மிச்சக் கதை கேட்கக் காத்திருக்கும் அம்மா, தாரணி."

தாரணி சனிக்கிழமைகளில் கடை மூடினதும் வருவாள். வரும்போது ஏதாவது வாங்கி வருவாள், நான் ஏசுவேன். இருந்து கதைப்போம். முந்தி மாதிரி வாய் மூடாமல் இல்லை, ஆனாலும் கதைப்பாள். எனக்குக் கிழமையில் கதைக்க வருகிற ஆள் அவள்தான். இந்த நினைவஞ்சலியில் அவள் பெயரைப் போடுவது என்று நான் எப்போதோ முடிவு செய்து, அவளிடமும் சொல்லியிருந்தேன். செத்தவீட்டில் விட்ட பிழையை இதில் சரிப்படுத்தலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அவளுடைய தாய் டெலிபோன் எடுத்தா. சுகம் விசாரித்தா, திவச வேலைகளுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டா. பிறகு சொன்னா: "அக்கா, குறை நினையாதேங்கோ. பிள்ளைக்கு ஓரிடத்தால கேட்டு வந்திருக்கினம். நல்ல இடம். பேப்பரில பேர் வந்தால்..." அதோடு நிறுத்திவிட்டா. எனக்கு விளங்கியது. நீ இருந்து பார்த்திருந்தாலும் அந்த வசனத்தில் வெட்ட ஒரு சொல் கிடைத்திராது. தாய் என்றால் அப்படித்தான். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அந்த டெலிபோனை எடுத்திருப்பேன்.

அடுத்த நாள் நானே தாரணியை வரச் சொன்னேன். வேலை முடிந்து வந்தாள். தாளைக் கையில் கொடுத்தேன். நின்றபடி வாசித்தாள். அவள் கண் உன் பெயரில் நின்றது, பிறகு கீழே போனது, தன்னுடைய பெயரில் நின்றது. "போடுங்கோ மாமி" என்றாள். அவளுடைய அம்மா டெலிபோன் எடுத்ததைச் சொன்னேன். தெரியும் என்றாள். அந்த இடத்தைப் பற்றிக் கேட்டேன். பெடியன் நல்லவன் போல, ஒருதரம் கதைத்தேன், அவனுக்கு உங்கள் மகனைப் பற்றித் தெரியும், நானே சொன்னேன் என்றாள். இன்னும் ஒரு முடிவும் சொல்லவில்லையாம். தேத்தண்ணி குடித்தாள். உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். போகும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னைப் பாராமல் சொன்னாள்: "அவர் பென்சிலோட இருந்தா என்ன செய்வாரோ, அதைச் செய்யுங்கோ அன்ரி."

அன்ரி என்றாள். சொன்னது அவளுக்குத் தெரியுமோ தெரியாது. படி இறங்கிப் போய்விட்டாள். நான் யன்னலால் பார்த்தேன், ஒழுங்கையால் நடந்து காலி வீதிக்குத் திரும்புகிற வரைக்கும்.

அதற்குப் பிறகு அந்தப் பெயரின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன். மூடினால் "அம்மா" மட்டும் நிற்கிறது. எனக்கு நோகிறது. அவளுக்கும் நோகும், செத்தவீட்டில் ஒருதரம் வெட்டுப்பட்டவள், இரண்டாம் தரமும் நானே வெட்டினால். விரலை எடுத்தால் அவள் பெயர் நிற்கிறது, பக்கத்திலேயே "காத்திருக்கும்" என்ற சொல்லும் நிற்கிறது. நான் காத்திருக்கலாம். எனக்கு வேறு வேலை இல்லை. அவளையும் என்னோடு இருத்தி வைத்து ஊருக்குக் காட்டுகிற மாதிரி ஆகிவிடாதா? அவள் இந்த வீட்டுக்கு வராமல் விடுகிற சனிக்கிழமையை நினைத்து நான் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேனோ என்றும் இருக்கிறது. விட்டாலும் நோ, எடுத்தாலும் நோ என்றால் என்ன செய்வது என்று நீ சொல்லித் தரவில்லை. அப்படி ஒரு சொல் உனக்கு வந்ததோ என்றும் தெரியாது. வந்திருந்தாலும் வீட்டில் வந்து சொல்லியிருக்கமாட்டாய்.

உன் மேசை லாச்சிக்குள் கிடந்த பென்சிலைத்தான் எடுத்தேன். அவள் பெயரின்மேல் கோடு போட்டேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்து, கீழே புள்ளி வைத்தேன். புள்ளியை அழித்தேன். திரும்பவும் வைத்தேன். அந்த இடத்தில் தாள் தேய்ந்து மறுபக்கம் தெரிகிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. பார்சல்களை அனுப்பிவிட்டு, நீ போகிற பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய், உன் கதிரையில் இருக்கிற பிள்ளையிடம் இதைக் கொடுக்கவேண்டும். அவள் அந்தப் புள்ளிகளைப் பார்த்து என்னைக் கேட்பாள். நான் என்ன சொல்ல? ஒரு சொல் போதும் குஞ்சு, உன் வழக்கப்படி ஒரேயொரு சொல். இருக்கட்டுமா?